கொலையாளி யார் என்று என்னைக் கேட்காதீர்கள்

துப்பறியும் நாவல் படிப்பதில் நான் தேறாத கேஸ். அதிலும் சரித்திரத் துப்பறியும் நாவல் என்றால் தோல்வி இன்னும் விமரிசையாக நடக்கும். எனக்குச் சரித்திரம் தெரியும் என்ற நினைப்புதான் காரணம். ரௌலட் சட்டம் எந்த மாதம் வந்தது, மதராஸில் டிராம் எந்த வருஷம் ஓட ஆரம்பித்தது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கொலை செய்தவன் மட்டும் கடைசி அத்தியாயத்தில் அவனாக வந்து மாட்டிக்கொண்டால்தான் உண்டு.

அபிர் முகர்ஜியின் ‘எ ரைசிங் மேன்’ (2016) நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1919 ஏப்ரல், கல்கத்தா. வெள்ளைக்கார உயரதிகாரி ஒருவர் சந்தில் செத்துக் கிடக்கிறார். வாயில் திணித்திருந்த காகிதத்தில், இந்தியாவைவிட்டு வெளியேறச் சொல்லி எச்சரிக்கை. முதல் உலகப் போரில் அடிபட்டு, அபின் பழக்கத்தோடு வந்து சேர்ந்த கேப்டன் விண்டமும், வங்காளி சார்ஜென்ட் பானர்ஜியும் விசாரிக்கிறார்கள். விசாரணையே இல்லாமல் ஆளை உள்ளே தள்ளும் ரௌலட் சட்டம் அந்த மார்ச்சில்தான் நிறைவேறியிருந்தது. ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக். நாவலாசிரியர் இதற்கெல்லாம் வந்து சேர்வதற்குள் நான் என் மனைவிக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டேன். நடுவில் சாட்சிகள் ஏதோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று சத்தியமாகத் தெரியாது.

என் மனைவிக்குச் சரித்திரத்தில் ஈடுபாடு கிடையாது. நான் கீழே வைத்த புத்தகத்தை எடுத்து நாற்பது ஐம்பது பக்கம் புரட்டுவாள். “இவன் எதுக்கு இவ்வளவு நல்லவனா வந்து நிக்கறான்?” என்று கேட்டுவிட்டுக் குக்கர் விசிலுக்கு எழுந்து போய்விடுவாள். பல முறை அந்த நல்லவனே மாட்டியிருக்கிறான். எந்தெந்த நாவலில் என்று சொன்னால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

எனக்கு அதிகம் வலித்தது சுஜாதா மாஸியின் ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ (2018) நாவலில். 1921, பம்பாய். பர்வீன் மிஸ்திரி என்ற பார்சிப் பெண், அப்பாவின் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். கோர்ட்டில் எழுந்து வாதாட முடியாது. பெண்கள் வக்கீல் தொழில் செய்வதற்கான தடையைச் சட்டம் நீக்கியது 1923இல்தான். ஆனால் கோஷா பெண்கள் இருக்கும் அந்தப்புரத்துக்குள் எந்த ஆண் வக்கீலும் நுழைய முடியாது, இவள் நுழைய முடியும். நிஜ வாழ்க்கையில் கார்னீலியா சொராப்ஜி வங்காளத்தில் இதே வேலையை 1904 முதல் அரசாங்க நியமனத்தோடு செய்தவர். பர்வீனை உருவாக்க ஆசிரியருக்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு முஸ்லிம் ஆலை முதலாளி இறந்துபோகிறார். அவருடைய மூன்று மனைவியரும் தங்களுக்கு வரவேண்டியதை அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுப்பதாகக் காகிதம் வருகிறது. ஒருத்தி கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். பர்வீன் அந்தக் குறியில் நின்றுவிடுகிறாள்: வாசிக்கத் தெரியாதவள் எதை வாசித்துச் சம்மதித்தாள்? நானோ, “அந்தக் காலத்துப் பொம்பளைங்க பாவம்” என்று உச்சுக்கொட்டிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். எங்கள் பீரோவில் பாட்டியின் கைநாட்டு வைத்த பத்திரம் ஒன்று இருக்கிறது. பாட்டிக்கு அதை யாரும் வாசித்துக் காட்டியிருக்க வாய்ப்பில்லை என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்குக்கூட அந்தக் குறி உறைக்கவில்லை.

இந்த வகை நாவலில் நல்லதாக அமைந்தவை எல்லாம் இப்படித்தான் இயங்குகின்றன. கோஷா, சொத்துரிமை, யார் எந்த வாசல் வழியாக உள்ளே வரலாம் என்ற ஏற்பாடு எல்லாம் வேடிக்கை பார்க்க வைத்த ஜோடனை இல்லை. தடயமே அங்கேதான் கிடக்கும். நான் அதை ரசித்து, அடிக்கோடிட்டு, தாண்டிப் போய்விடுவேன்.

அடுத்த கூத்து, ஒரே சமயத்தில் மூன்றைப் படித்தது. வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் 1921 நவம்பர் 17 அன்று பம்பாயில் இறங்கினார். காந்தி புறக்கணிக்கச் சொல்லியிருந்தார். ஊர் கலவரத்தில் எரிந்தது. அந்த ஒரே சுற்றுப்பயணத்தை மூன்று பேர் மூன்று ஊரில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: மாஸியின் ‘தி பாம்பே பிரின்ஸ்’, முகர்ஜியின் கல்கத்தா நாவலான ‘ஸ்மோக் அண்ட் ஆஷஸ்’, ஹரிணி நாகேந்திராவின் பெங்களூர் நாவலான ‘எ நெஸ்ட் ஆஃப் வைப்பர்ஸ்’. ஒப்பிட்டுப் படித்துக் கட்டுரை எழுதுவதாகத் திட்டம். நடந்ததோ, கல்கத்தாவில் பிணத்தைப் பார்த்ததும் பர்வீன் ஏன் இன்னும் வரவில்லை என்று காத்திருந்தேன். மூன்றில் முகர்ஜியுடையதுதான் இறுக்கமானது, முதலில் அதைப் படியுங்கள்.

ஹரிணி நாகேந்திரா சூழலியல் பேராசிரியர். அவருடைய நாயகி காவேரி ஒரு டாக்டரின் மனைவி. கணக்கில் புலி, நீச்சல் பிடிக்கும். இந்த வரிசையின் முதல் நாவலான ‘தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்’ (2022) படித்தபோது பொறுமை போய்விட்டது. யாருக்கும் தெரியாமல் கடைசிப் பக்கங்களுக்குத் தாவினேன். அங்கே இருந்தது சமையல் குறிப்பு. திருட்டுத்தனத்துக்கு இவ்வளவு நாகரிகமான தண்டனை வேறு எந்த நாவலும் எனக்குக் கொடுத்ததில்லை.

வசீம் கானின் ‘மிட்நைட் அட் மலபார் ஹவுஸ்’ நாவலை நண்பர் ஒருவருக்குக் கொடுக்கும்போது, வாய் தவறிக் கொலையாளியின் பெயரையே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் குற்ற உணர்ச்சி. படித்து முடித்து அவரே போன் செய்தார். நான் சொன்னது தப்பான பெயராம். பாதியில் நானாக முடிவு கட்டிய ஆளையே உண்மை என்று மனதில் வைத்திருந்திருக்கிறேன். ஆசிரியர் எழுதிய முடிவு என் தலையில் ஏறவே இல்லை.

நம்ம ஊருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பிரையன் ஸ்டாடார்ட் 1920களின் மதராஸை வைத்து ‘எ மெட்ராஸ் மியாஸ்மா’ எழுதினார். கால்வாயில் வெள்ளைக்காரப் பெண்ணின் சடலம், விசாரிப்பவர் லெ ஃபானு என்ற சூப்பரின்டென்டென்ட். மதராஸ் தெருக்களில் அவர் எங்கே தவறு விடுவார் என்று பென்சிலோடு உட்கார்ந்தேன். ஆள் விடவில்லை. அந்தக் கடுப்பில்தான் நானே ஒன்று எழுதுவதென்று கிளம்பினேன்.

காலம் 1922 ஜனவரி. அதே இளவரசர் மதராஸுக்கு வந்த சமயம், கடையடைப்பும் கலவரமும் நடந்த சமயம். எழும்பூர் கமிஷனர் ஆபீஸிலிருந்து ஓர் ஏட்டு மவுண்ட் ரோட்டுக்குக் கிளம்புகிறார். டிராமிலா, நடந்தா என்று முடிவு செய்யவே அத்தியாயம் முடிந்துவிட்டது. மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “பொணம் எங்க?” என்றாள். அடுத்த அத்தியாயத்தில் வரும் என்றேன்.

“வரட்டும். கொன்னது அந்த ஏட்டுதானே?”

ஆளை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.