பதினேழு வயது அண்ணாச்சி

கேள்வி: பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை நம்பிக் கோடை முகாமில் சிறுவர்களை ஒப்படைக்கலாமா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: உங்கள் ஊர்த் தேவாலயங்களே ஒப்படைக்கின்றனவே! விடுமுறை வேதாகமப் பள்ளியில் போன வருஷம் பாயில் உட்கார்ந்து பாடியவர், இந்த வருஷம் முன்னால் நின்று பாட்டுக்குச் செய்கை சொல்லிக்கொடுக்கிறார். அதற்குமுன் செய்கைப்பாட்டு, கதை சொல்லல், கைவேலை என்று பயிற்சியும் உண்டு. அதட்டத் தெரிந்தால் போதாது. இருபது வாண்டுகளை ஒரே கதையில் கட்டிவைக்கத் தெரிய வேண்டும்.

1908-இல் சாரணர் இயக்கத்துக்கு பேடன் பவல் வகுத்த வழியும் இதுதான்: ஆறேழு சிறுவர்களுக்கு அவர்களிலேயே ஒரு மூத்தவன் தலைவன்.

இளையவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுப்பது இதில் மட்டுமல்ல; தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும், பயிற்சி பெற்ற மாணவர்கள் குளம் குளமாகப் போய்ப் பறவைகளை எண்ணுகிறார்கள்.

தாராளமாக ஒப்படையுங்கள். ஆற்றுக்குக் குளிக்கப் போகும் நாளில் மட்டும், நீச்சல் தெரிந்த பெரியவர்களும் கூடவே போங்கள்.