புறக்கணிக்கச் சொன்னீர்கள், புறக்கணித்தோம்

பெறுநர்: தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், புதுடெல்லி.



2023 அக்டோபர் 20 வெள்ளிக்கிழமை. குந்தாரப்பள்ளியில் வெள்ளி என்றால் சந்தை. அன்றுதான் நீங்களும் தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்து தமிழ்நாட்டு செல்போன்களை அலறவிட்டு அவசரகால எச்சரிக்கையைச் சோதித்தீர்கள். ஆடு விற்க வந்தவர், வாங்க வந்தவர், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர் என்று யாரையும் விடவில்லை உங்கள் சத்தம். பதறி எடுத்துப் பார்த்தால், இதைப் புறக்கணியுங்கள், உங்கள் தரப்பில் எதுவும் செய்ய வேண்டாம் என்று இருந்தது. அரசாங்கம் சொன்னதை இவ்வளவு ஒழுங்காக நாங்கள் கடைப்பிடித்தது அதுவே முதல் தடவை. இன்றுவரை கைவிடவில்லை.

கர்நாடகத்துக்கு அதே மாதம் 12ஆம் தேதியே சோதனை முடிந்துவிட்டது. எங்கள் கூட்ரோட்டிலிருந்து வேப்பனப்பள்ளி தாண்டிப் போனால் கர்நாடக டவரும் ஆந்திர டவரும் போனைப் பிடித்து இழுக்கும். எங்களை எந்த மாநிலத்துக் கணக்கில் எச்சரிப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

உங்களுக்கு முன்பே இங்கே அறிவிப்பாளர்கள் உண்டு. பெங்களூருக் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணை மதகைத் திறந்தால், நுரை பொங்கித் தரைப்பாலத்தையே மூடுகிறது. ஆற்றில் தண்ணீர் வருகிறது என்பதை இதைவிடப் பகிரங்கமாக யார் சொல்ல முடியும்? ஓடிபிகூடக் கேட்பதில்லை. ராகி முற்றும் பருவத்தில் பன்னர்கட்டா யானைகள் ஜவளகிரி, தளி பக்கம் இறங்கும்போது வனத்துறையும் மைக் வைத்துச் சொல்கிறது: ராத்திரிக் காவலுக்குப் போகாதீர்கள். ராகிக்கு யார் காவல் என்பதை மட்டும் மைக் சொல்வதில்லை.

2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது என்றார்கள். நாங்கள் மேட்டுநிலத்துக்காரர்கள், புயல் என்றால் டிவியில் பார்ப்பது. டிசம்பர் 2 காலை எங்கள் மாவட்டத்து ஊத்தங்கரை மழைமானியில் ஒரே நாளில் 50 செ.மீ.! ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நின்ற வேன்களும் கார்களும் டிரைவர் இல்லாமலே புறப்பட்டுப் போயின. தென்பெண்ணையில் கீழே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறியது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது மாநில அரசு. முறையான எச்சரிக்கையே இல்லை என்றது எதிர்க்கட்சி. தண்ணீர் மட்டும் எந்தத் தரப்பிலும் சேராமல் விழுப்புரம், கடலூர் வரை போய்ச் சேர்ந்தது.

ஆகையால் ஒரு விண்ணப்பம். அடுத்த சோதனையிலாவது எங்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். மேடான இடம் எது, எந்த ரோடு அடைபடும் என்று ஊர்ப்பெயரோடு ஒரு வரி போதும். கே.ஆர்.பி. அணையைத் திறந்தால் காவேரிப்பட்டணத்துக்காரருக்குக் கன அடிக் கணக்கு எதற்கு? முழங்கால் வரையா, இடுப்பு வரையா, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மாட்டை எங்கே கட்டுவது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
சொன்னபடி கேட்கும் குந்தாரப்பள்ளிக்காரன்