அதுங்களுக்குப் பிடிக்காது

சொந்த வாயால் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாதவர்கள் பூனை வளர்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் வர வேண்டும். ஒரு பூனை என்றால் போகட்டும், விட்டுவிடலாம். நாலு பூனை வைத்துக்கொண்டு புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களைத்தான் சொல்கிறேன். யாரையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. இந்த ரகத்து ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்லோரும் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், எல்லோரும் மேற்கு மாம்பலத்துத் தனிவீட்டை விற்றுவிட்டு மேடவாக்கத்தில் நாலாவது மாடியில் ஃபிளாட் வாங்கியவர்கள், எல்லோரும் எனக்குச் சகலை முறை என்பதெல்லாம் தற்செயல்.

இவர்களைக் கண்டுபிடிக்க, சட்டையில் முடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். வாசல் மணியை அடித்தால் போதும். கதவு நாலு விரற்கடை திறக்கும். இடுக்கில் மேலே ஒரு மூக்கு, கீழே பூனை வெளியே பாய்ந்துவிடாமல் அடைத்து நிற்கும் ஒரு முழங்கால்.

“மணி அடிக்காதீங்க, போன் பண்ணுங்கன்னு சொல்லியிருந்தேனே. அதுங்களுக்குப் பிடிக்காது.”

அதுங்களுக்குப் பிடிக்காது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டில் குடித்தனம் நடக்கிறது.

ஆரம்பத்தில் அது நியாயமான இடங்களில்தான் வந்தது. கிரகப்பிரவேசத்தன்று விடிகாலையில் கணபதி ஹோமம். பூனைகளைப் பெரிய படுக்கையறையில் விட்டு, கதவின் அடியில் ஈரத்துண்டைச் செருகியாயிற்று. ஐயர் செங்கல் அடுக்கி, வரட்டி வைத்து, நெய்க்கரண்டியைக் கையில் எடுத்தார். சகலை அவர் காதருகே குனிந்தார்.

“சாமி, புகை இல்லாம பண்ண முடியுமா?”

“அக்னி இல்லாத ஹோமமா?”

“அக்னி இருக்கட்டும். புகைதான் அதுங்களுக்குப் பிடிக்காது.”

‘அதுங்க’ யார் என்று ஐயர் கேட்டார். வீட்டுப் பித்ருக்கள் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, பயபக்தியோடுதான் கேட்டார். பூனை என்று தெரிந்ததும் பயம் போய், பக்தியும் போய், நல்ல நாளும் அதுவுமாகப் பூனையா என்றார். சகலை உடனே மாமல்லபுரத்துக்குப் போய்விட்டார். அர்ஜுனன் தபசுப் பாறையில் முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு பூனை தவம் செய்கிறது, பல்லவர் காலத்திலேயே பூனைக்குத் தெய்வ காரியத்தில் இடம் உண்டு என்று விளக்கினார். அந்தப் பூனையைச் சுற்றி எலிகள் இருப்பதைச் சொல்லவில்லை. ஐயருக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் புகையைக் குறைத்துக்கொண்டார். நெய் மிச்சமானது.

பால் பொங்கியதும், “முதல்ல அந்த வாயில்லா ஜீவனுங்களுக்கு வைங்க” என்று ஒரு பெரியம்மா ஆசையாகக் கிண்ணத்தை நீட்டினார். வளர்ந்த பூனை பலதுக்கும் பால் செரிக்காது, வயிற்றால் போகும் என்று சகலை அவருக்கு வகுப்பெடுத்தார். சொன்னது சரிதான். ஆனால் எழுபது வருஷமாகப் பூனைக்குப் பால் வைத்துப் புண்ணியம் சேர்த்துவந்தவரிடம் அதை அன்றைக்கா சொல்வது? பெரியம்மா கேசரி கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

பூனைக்கு இடம் மாறினால் தாங்காது. முதலில் ஒரே அறையில் வைத்து, பிறகு ஒவ்வோர் அறையாகத் திறந்துவிட வேண்டும். கால்நடை மருத்துவர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அந்த ஒரே அறை எது என்பதில் மருத்துவர் தலையிடவில்லை. ஏசி உள்ள அறை அதுங்களுக்கு, மின்விசிறி உள்ள ஹால் மனிதர்களுக்கு என்று முடிவு செய்தது சகலை. அடுத்து, பூனைக்கு ஒரு மணல்தொட்டி, அதற்கு மேல் உபரியாக ஒன்று என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். ஆக நாலு பூனைக்கு ஐந்து தொட்டி. வங்கிக்காரர் ஆயிற்றே, கையிருப்பு வைக்காமல் விடுவாரா! இரண்டு குளியலறையில் ஒன்று போயிற்று.

அதற்கப்புறம் அந்தத் துணி. பூனையின் கன்னத்தில் சுரப்பிகள் உண்டு. முகத்தைத் தேய்க்கிற இடத்திலெல்லாம் அது தன் வாசனையைப் பூசிவைக்கும். அந்த வாசனை வந்தால்தான் இடம் தன்னுடையது என்று அதற்கு நிம்மதி. ஆகவே ஒரு துணியால் கன்னத்தைத் துடைத்து, அதைப் புது வீட்டுச் சுவரிலும் நாற்காலிக் காலிலும் பூனையின் உயரத்துக்குத் தேய்த்துவிட்டால் சீக்கிரம் பழகிவிடும். இதெல்லாம் உண்மை. அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மையாக இருப்பதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. தலைமை மேலாளராக ஓய்வு பெற்ற மனிதர் கையில் துணியோடு முட்டி போட்டு ஹாலைச் சுற்றி வந்தார். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். சோபாவின் காலைத் துடைத்தவர், அப்படியே என் கணுக்காலையும் துடைத்துவிட்டு நகர்ந்தார்.

“என்னண்ணே இது?”

“இனிமே உங்களை அதுங்க ஏத்துக்கும்.”

நான் யாரிடமும் விண்ணப்பம் போட்டிருக்கவில்லை.

பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. வீடு மாற்றிக் கொடுக்கும் ஆட்கள் அட்டைப்பெட்டிகளை ஹாலில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கே அதுங்க குடியேறிவிட்டன. மேனேஜர் என்கிற காவி நிறக் கடுவன் சமையல் சாமான் பெட்டியின் மேல். கருப்பாயி புத்தகப் பெட்டிக்குள். பட்டு, பட்டுப்புடவைப் பெட்டியில். நாலாவதை நான் இதுவரை பார்த்ததில்லை. லாஃப்டில் இருக்கிறது, ராத்திரி மட்டும் இறங்கும் என்கிறார்கள். அதை நம்பி, லாஃப்டுக்குக் கதவு போட வந்த தச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மனைவியின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டு போகிறார்.

“மிக்ஸி ஜார் எங்கக்கா, தொலைஞ்சிருச்சா?”

“எந்தப் பெட்டில இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. மேல மேனேஜர் தூங்கறாரு.”

ஒரு பூனை நாளில் பாதிக்கு மேல் தூங்கும். மிச்ச நேரத்தில் பெட்டியைத் திறக்கலாமே என்றால், அதுங்களுக்கு இன்னும் வீடு பழகவில்லை, இருக்கிற ஒரே ஆறுதல் அந்தப் பெட்டி, எடுத்தால் பிடிக்காது. வீடு பழகட்டும் என்று பக்கத்துக் காலிமனையில் டார்ச் அடித்துக் குப்பைமேனி வேர் பிடுங்கிவந்து போட்டார். குப்பைமேனி வேர் என்றால் பூனை உருண்டு புரளும். புரண்டன. அதே பெட்டிகளின் மேல்.

இது வரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பூனைக்குப் புகை பிடிக்காது, சத்தம் பிடிக்காது, இடம் மாறினால் பிடிக்காது. ஒப்புக்கொண்டோம். ஆனால் நாளாக நாளாக அதுங்களுக்குப் பிடிக்காதவற்றின் பட்டியல் ஒரு தினுசாக வளர்ந்தது. சென்னையில் வைத்தியம் பார்க்க வந்து பத்து நாள் தங்கலாம் என்றிருந்த ஒன்றுவிட்ட தம்பியின் குரல் அதுங்களுக்குப் பிடிக்கவில்லை. எதிர் ஃபிளாட்காரர் நடத்தும் ஏலச்சீட்டு அதுங்களுக்குப் பிடிக்கவில்லை. (“அந்த ஆள் வந்தாலே கருப்பாயி எழுந்து போயிடறா. அதுங்களுக்கு மனுஷங்களைத் தெரியும் சார்.”) கோவைக்காய்ப் பொரியல் வாசனை மேனேஜருக்கு ஒவ்வாது. மாமியார் பார்க்கும் மெகா தொடர் பட்டுவின் மனத்தைப் பாதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்புவது நாலுக்குமே ஆகாது.

எனக்குச் சந்தேகம் வந்தது மைசூர்பாகில்தான். என் மனைவி கிண்டிய மைசூர்பாகு. கொஞ்சம் கெட்டி, அதை மறைப்பதற்கில்லை. ஆசையாக எடுத்துப்போய்க் கொடுத்தோம். டப்பாவைத் திறந்து பார்த்து, ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்துவிட்டுச் சொன்னார்: “மேனேஜருக்கு இது பிடிக்கலைன்னு நினைக்கிறேன்.”

பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர்வதற்கான மரபணு ஒன்று அந்த இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தார் 2005-ல் இதை விவரமாக எழுதியிருக்கிறார்கள். புலிக்கும் சிறுத்தைக்கும் இதே கதிதான். இனிப்பே தெரியாத பிராணி மைசூர்பாகின் பதத்தைக் குறை சொல்லுமா? அப்படியென்றால் ஏலச்சீட்டு விஷயமும் கோவைக்காய் விஷயமும் யார் சொன்னவை? மேனேஜர் வாயைத் திறக்கவே இல்லை. மனிதர்தான் பூனைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசிவந்திருக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அடுத்தவன் எழுத வேண்டிய லெட்ஜரை எழுதினார். அடுத்தவன் மறுத்த ஊர் மாற்றத்தை வாங்கிக்கொண்டு போனார். கேட்டவனுக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அதில் ரெண்டு பேர் கடனைத் தன் சம்பளத்தில் கட்டினார். கல்யாண வீட்டில் யாராவது “நீங்க கொஞ்சம் அந்தப் பந்தியைப் பார்த்துக்குங்க” என்றால் கடைசிப் பந்திவரை சாம்பார் வாளியோடு நின்றவர். வாயில்லா ஜீவன் என்று அந்தப் பெரியம்மா சொன்னது உண்மையில் இவருக்குத்தான் பொருந்தும். இந்த வயதில் நாலு வாய் கிடைத்திருக்கிறது. பேசித் தீர்க்கிறார்.

குடியிருப்போர் சங்கத்தில் பூனை வளர்ப்பதைத் தடுத்துத் தீர்மானம் கொண்டுவரப் பார்த்தபோது எழுந்து நின்றாரே, அதை நான் பார்த்தேன். விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் கையில் வைத்திருந்தார். பெரும்பான்மை பலத்தில் தீர்மானம் போட்டாலும் வளர்ப்புப் பிராணியைத் தடை செய்ய முடியாது என்று அதில் இருக்கிறது. அது நாய்களை வைத்து எழுதியது. நாய் என்று வந்த இடத்திலெல்லாம் பூனை என்று மாற்றி, குரல் நடுங்காமல் கடைசிவரை வாசித்தார். செயலாளர் தண்ணீர் குடித்தார்.

பால்கனிக்கு வலை கட்ட வந்த பையன், “புறாத் தொல்லையா சார்?” என்றான். புறா உள்ளே வராமல் இருக்க அல்ல, பூனை வெளியே விழாமல் இருக்க என்று இவர் சொன்னதும் சிரித்துவிட்டான். “பூனை எங்க விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும் சார்.” இவர் அவனை உட்கார வைத்தார். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 1987-ல் எழுதியதை எடுத்துச் சொன்னார். நெஞ்சு அடிபட்டது, தாடை உடைந்தது, எல்லாம் சொன்னார். சிகிச்சை கொடுத்ததில் பத்துக்கு ஒன்பது பிழைத்துவிட்டதாம்.

“அப்புறம் என்ன சார்?”

“அந்தப் பத்தாவது நம்ம பட்டுவா இருந்தா?”

பையன் ரெட்டை வலை போட்டுவிட்டுப் போனான்.

சரி, இவ்வளவு நல்ல மனிதரைப் பற்றி எதற்கு இத்தனை புலம்பல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வீடு மாறிய அன்று கருப்பாயியையும் மேனேஜரையும் ஏற்றிக்கொண்டு வந்தது என் கார். வேளச்சேரி சிக்னலில் கூண்டுக்குள் மேனேஜர் செய்த காரியத்தின் வாசனை இன்னும் என் பின்சீட்டில் இருக்கிறது. ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. ஊரார் எல்லோருக்கும் முடியாது என்று சொல்ல முடியாமல் காலம் பூரா சேர்த்துவைத்த ‘முடியாது’ அத்தனையையும் என்னிடமா கொண்டுவந்து கொட்ட வேண்டும்? லெட்ஜர் எழுதச் சொன்னவனும் ஜாமீன் கேட்டவனும் எங்கோ சௌக்கியமாக இருக்கிறான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. திருக்கடையூரில் என் அறுபதாம் கல்யாணம், ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி வாருங்கள் என்றேன்.

“புது வீடு பாருங்க. நான் இல்லைன்னா அதுங்களுக்குப் பிடிக்காது.”

குடிவந்து தீபாவளி, பொங்கல் இரண்டும் கழிந்துவிட்டன. இதற்கு மேலும் அது புது வீடா? எனக்குக் கோபம். இன்னும் தீரவில்லை.

அக்கா மட்டும் வந்தார். விசேஷம் முடிந்து அடுத்த நாள் மத்தியானம் சகலை போன் பண்ணினார். எப்போது கிளம்புகிறாய், மேனேஜர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றார். அக்கா தலைவாழை இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். கை கழுவாமலே போனை என்னைப் பிடிக்கச் சொல்லிப் பேசினார்.

“இங்க கோயில் யானை என்கிட்ட நல்லா ஒட்டிக்கிச்சுங்க. உடனே கிளம்பினா அதுக்குப் பிடிக்காது.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அப்படியா? அப்ப ரெண்டு நாள் இருந்துட்டே வா” என்றார்.

அக்கா ரசத்துக்கு இலையில் குழி பறித்துக்கொண்டே, தரங்கம்பாடிக்குப் போய்வர ஒரு கார் பேசச் சொன்னார்.