சொல்தா

புதுச்சேரியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். அவருடைய பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். நானோ மூன்றாம் வகுப்பில் 'பிரித்து எழுதுக' வெறியில் இருந்தேன். சொல் + தா. சொல் கேட்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்து, அவரைக் கண்டால் கைவசம் ஒரு சொல்லோடு போய் நிற்பேன். அவரோ, "தம்பி, ஓடிப்போய் ரெண்டு ரொட்டி வாங்கியா" என்பதோடு சரி.

லுங்கியும் பனியனுமாகத் திண்ணையில் கிடக்கும் மனுஷர், பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று கோட்டும் பதக்கங்களுமாகக் கடற்கரைப் போர் நினைவுச்சின்னத்துக்குக் கிளம்புவார். அன்றுதான் விஷயம் புரிந்தது. 'சொல்தா' என்றால் பிரெஞ்சில் போர்வீரன். தாத்தா இந்தோசீனாவில் சண்டை போட்டவர்.

புணர்ச்சி விதியில் தோற்ற அவமானம் என்னை லேசில் விடவில்லை. பின்னாளில் அகராதிகளைப் புரட்டினேன். நாலாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஒரு தங்கக்காசு போட்டார். ஒரு ரோமன் ராத்தலுக்கு 72 காசு. ஒன்று சுமார் நாலரை கிராம். பெயர் 'சாலிடஸ்', அதாவது கெட்டியானது. அந்தக் காசின் பெயரே பிறகு படைக்கூலிக்கும் ஆகி, கூலி வாங்கிச் சண்டை போட்டவன் இத்தாலியில் 'சொல்தாத்தோ' ஆனான். அவனைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'சொல்தா' என்றார்கள். ஜெர்மன், டச்சு, ருஷ்யன் எல்லாவற்றிலும் அவனே. ஆங்கில சோல்ஜரும் பங்காளிதான். ஸ்பானியர்கள் ஆளோடு காசையும் பிடித்துக்கொண்டார்கள். அங்கே 'சுவெல்தோ' என்றால் மாதச் சம்பளம்.

'சொல்தா'வை 'உப்பு + தா' என்று பிரிக்கிறவர்களும் உண்டு. லத்தீனில் 'சால்' உப்பு, 'தாரே' கொடுப்பது. ஆக, ஐரோப்பாவிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். உப்பு உண்மையில் சேர வேண்டியது 'சாலரி'க்கு. (நம் 'சம்பள'த்தையும் சம்பா நெல், அளம் என்று பிரித்து உப்புப் போடுகிறோமே!)

அந்தத் தங்கக்காசு கடைசியில் பிரான்சில் 'சூ' என்று தேய்ந்து செப்புக்காசாகப் போனது. கையில் சல்லிக்காசு இல்லை என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்கள் ஒரு சூ கூட இல்லை என்பார்கள்.

ஐரோப்பியர்களுக்கு இந்தச் சொல்லில் துப்பாக்கியும் வீரமும்தான் தெரியும், காசு மறந்துபோயிற்று. புதுச்சேரியில் அப்படியில்லை. 1962-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைச் சட்டப்படி ஒப்படைத்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. அக்காவுக்கு வரன் பார்த்த அத்தை குரலைத் தாழ்த்தி, "சொல்தா வூட்டுப் பையன்டி" என்றாள். எந்தப் போர், எந்தப் படை என்று ஒருவரும் கேட்கவில்லை. பென்ஷன் பிராங்கில் வருகிறதா என்றுதான் கேட்டார்கள். லத்தீன் படிக்காத என் அத்தைக்கு சாலிடஸின் சரியான பொருள் தெரிந்திருந்தது.

2002-இல் பிராங்க் போய் ஈரோ வந்த சமயம், திண்ணையில் உட்கார்ந்து தாத்தாவுக்கு இவ்வளவையும் விளக்கினேன். கான்ஸ்டன்டைன், தங்கம், 72 காசு, எதையும் விடவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகத் திறந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இந்த மாசம் பணம் ஏறிடுச்சான்னு பாங்க்ல கேட்டு ஒரு வார்த்தை சொல்லு."

முப்பது வருஷம் கழித்து, ஒருவழியாக என்னிடம் ஒரு சொல் கேட்டுவிட்டார்.