பிடுங்கிய பல்லுக்கு ரசீது உண்டு

பெங்களூர் காக்ஸ் டவுனில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு பல் கிளினிக் வாசலில்தான் விழவேண்டும். விழுந்து பல் உடைந்தவருக்கு அது வசதி. எங்கள் சித்தி விழவில்லை. மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, அறுபத்தோரு வயதிலும் பொங்கல் கரும்பைக் கடித்துத் துப்பும் முப்பத்திரண்டு பல்லோடு, தன் காலால் நடந்து உள்ளே போனார். ஒன்பது மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் இருபத்தெட்டு.

அவர் அங்கே சொன்னது இவ்வளவுதான்: "மூஞ்சி கழுவினா வலது கன்னத்துல கரண்ட் அடிக்குது டாக்டர். ஒரு செகண்டு, ரெண்டு செகண்டு, அப்புறம் ஒண்ணுமில்ல. காபி குடிச்சா அடிக்குது. ஃபேன் காத்து பட்டாகூட அடிக்குது. தூங்கினா இல்ல." நோயின் பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வாயைத் திறந்து வைத்திருப்பவர் பேசமுடியாது என்பது இந்தத் தொழிலின் பெரிய சௌகரியம்.

வலிக்கிற இடத்தில் பல் இருக்கிறது, ஆகவே வலிப்பது பல். ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்தார்கள், சொத்தை இல்லை. சொத்தை இல்லாததே சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது. "உள்ள இருக்கும்மா, வெளிய தெரியாது" என்று ரூட் கெனால் போட்டு, மேலே கேப் மாட்டினார்கள். கரண்ட் நிற்கவில்லை. "பக்கத்துப் பல்லுக்குப் பரவிடுச்சு." அதற்கும் ஒரு ரூட் கெனால். பிறகு இரண்டையும் பிடுங்கி, காணாததற்கு அடுத்ததையும் பிடுங்கினார்கள். பெங்களூரில் வீட்டைக் காலி செய்தால் பெயிண்ட் செலவைக் கழித்துக்கொண்டாவது அட்வான்ஸைத் திருப்புவார்கள். பல்லைக் காலி செய்தால் கேப்புக்குக் கட்டின பணமும் போச்சு.

மூன்றாவது பல் போனபின் ஆறு வாரம் வலியே இல்லை. கிளினிக்கில் வெற்றிப் புன்னகை. இந்த நோய் நடுநடுவே தானாகவே அடங்கிக் கிடக்கும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது, காக்கை பில் போட்டது. ஏழாவது வாரம் கரண்ட் திரும்பி வந்தது. நான்காவது பல் போனது.

மூளையிலிருந்து கிளம்பும் ஐந்தாவது நரம்பு மூன்று கிளையாகப் பிரிந்து முகத்துக்கு வருகிறது. அதன் வேரில் ஒரு சின்ன ரத்தக்குழாய் சாய்ந்து, துடிக்கும்போதெல்லாம் உரசி உரசி மேலுறையைத் தேய்த்துவிட்டால், கன்னத்தில் தண்ணீர் பட்டாலே மின்னல் வெட்டும். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. ஒயர் தேய்ந்திருப்பது மெயின் போர்டில். இவர்கள் பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

இது நேற்று தெரிந்த சங்கதியும் இல்லை. பிரெஞ்சு வைத்தியர் நிகோலா ஆந்த்ரே 1756-இலேயே இதற்குப் பெயர் வைத்தார். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1778-இல் பல் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், ஒரு பக்கத்துப் பல்லை முழுவதும் பிடுங்கியும் தாடை வலி போகாதவர்களைக் கண்டதாகக் குறித்திருக்கிறார். அன்றைக்கு மயக்க ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை, காக்ஸ் டவுனே இல்லை. இருநூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் குறடு மட்டும் அதே ஊக்கத்தோடு உழைக்கிறது.

மருந்து என்ன தெரியுமா? கார்பமசிபைன். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை. முகநரம்பு வலிக்குக் கேட்கிறது என்று 1962-இலேயே எழுதிவிட்டார்கள். ஒரு மாத்திரையின் விலை சில ரூபாய். அதுதான் அதன் குறை. சில ரூபாய் மாத்திரையை வைத்துக்கொண்டு யார் ஏசி போடுவது, சோபா வாங்குவது, இம்ப்ளாண்டுக்கு இ.எம்.ஐ. வசதி செய்துகொடுப்பது? சும்மா விழுங்கும் மாத்திரையும் அல்ல அது: தலை சுற்றும், சோடியம் குறையும், சிலருக்குத் தோலில் ஆபத்தான தடிப்பு வரும். ரத்தம் சோதித்து, சிறிதில் தொடங்கி, டாக்டர் கண்காணிப்பில் ஏற்றவேண்டும். அதற்கு நோயாளி சொல்வதைக் கேட்க ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவர் கடைசியில் கிடைத்தார். அவரும் பல் டாக்டர்தான். இப்போதுதான் படித்து முடித்த சின்னப் பெண். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இது பல் இல்ல ஆன்ட்டி, நியூராலஜி போங்க, நிம்ஹான்ஸ்ல காட்டுங்க" என்றார். பீஸ்கூட வாங்கவில்லை. பிழைக்கத் தெரியாத பெண்.

நிம்ஹான்ஸ் என்றதும் வீட்டில் இழவு விழுந்ததுபோல ஆகிவிட்டது. ஓசூர் ரோட்டில், வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் அது "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" அல்லவா? பழைய மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநலக் கழகத்தையும் இணைத்து, பெயரில் நரம்பியலையும் சேர்த்து 1974-இல் அமைத்த நிறுவனம் அது. ஐம்பது வருடமாகியும் பக்கத்து வீட்டுக்கு அதன் பாதிப் பெயர்தான் தெரிகிறது. நான்கு பல்லைப் பறிகொடுத்தபோது வராத வெட்கம் ஒரு ஓ.பி. சீட்டுக்கு வந்தது.

சல்மான் கானுக்கு இதே நோய். 2011-இல் அமெரிக்கா போய் ஆபரேஷன் செய்துகொண்டார், பேப்பரிலெல்லாம் வந்தது. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு துளை போட்டு, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைக்கும் ஆபரேஷன் ஒன்று உண்டு. தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான். மாத்திரை கேட்காதவர்களுக்கு அது, அல்லது நரம்பு வேரை ஊசி வழியே சுட்டு மரக்கச்செய்வது, காமா கதிர் என்று பல வழி. நம் ஊரிலும் செய்கிறார்கள். நட்சத்திரமாகப் பிறக்கவேண்டிய அவசியமில்லை.

சித்தியாவது அதிர்ஷ்டசாலி, பெயருள்ள வலி. எதிர்வீட்டு அக்காவுக்கு மின்னல் இல்லை. காலையிலிருந்து இரவுவரை மந்தமாக, ஆழமாக, ஒரு பல்லிடுக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இதற்கும் மருத்துவத்தில் இடம் உண்டு, காரணம் தெரியாத நீடித்த முகவலி என்றே பெயர். அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளைச் சிறு அளவில் கொடுத்துப் பார்ப்பார்கள், வலியோடு வாழப் பழக்குவார்கள், மெதுவாகத்தான் குறையும், எல்லோருக்கும் குறைவதில்லை. பல்லில் கை வைத்தால் வலி கூடலாம். ரூட் கெனாலிலேயே தொடங்கும் வலியும் உண்டு. அக்காவுக்குச் சொல்லப்பட்டது வேறு: "மாதவிடாய் நிக்கிற வயசு", "வீட்ல ஏதாவது பிரச்சினையா?", "யோகா பண்ணுங்க." 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல எந்தக் கல்லூரியிலும் கற்றுத்தரவில்லைபோல. தனக்குத் தெரியாததை எல்லாம் பெண்ணின் மனசுக்குள் தள்ளிவிட மட்டும் நன்றாகக் கற்றுத்தந்திருக்கிறார்கள்.

சித்தப்பா ரசீதுகளை அடுக்கி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினார். பெரும்பாலான பாலிசிகளைப் போல அவருடையதிலும் வெளிநோயாளிப் பல் வைத்தியம் சேராது. நோய் பல்லில் இல்லையே என்று வாதாடிப் பார்த்தார். ரசீதில் பல் என்று இருக்கிறதாம்.

நிம்ஹான்ஸுக்குப் போய் மாத்திரை தொடங்கி ஒரு வாரத்தில் சித்தி முகம் கழுவினார். நான்கு பல்லையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்; பூஜை அலமாரியில் இருக்கிறது. ஒன்றில்கூடச் சொத்தை இல்லை.