மூங்கில் உண்டியல்: கேள்வி-பதில்

கே: துறவிக்கு எதற்கு ஊர் வேலை? தியானம் போதாதா? (ஈரோடு)

ப: தைவானின் ஹுவாலியன் பக்கம் போய்க் கேட்டிருந்தால், நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கையில் ஊசி இருந்தது. 1966-ல் செங் யென் என்ற பிக்குணி ‘சூ சி’ தொண்டு அமைப்பைத் தொடங்கியபோது, அவரும் உடனிருந்த சில பிக்குணிகளும் ஏழைகளுக்கு உதவ ஆளுக்குத் தினம் ஒரு ஜோடி குழந்தைக் காலணி கூடுதலாகத் தைத்தார்கள். ஜோடி 4 டாலர். தைவான் டாலர்தான், அமெரிக்கக் கனவு வேண்டாம்.

கே: அந்தக் காசில் ஆஸ்பத்திரி கட்ட முடியுமா? (நாகர்கோவில்)

ப: முடியாது. காலணிக் காசு மட்டும் போதாதென்று செங் யென் 30 இல்லத்தரசிகள் கையில் மூங்கில் உண்டியல் கொடுத்தார். காய்கறி வாங்கக் கிளம்புமுன் தினம் அரை டாலர் போட வேண்டும். “மாசக் கடைசியில் 15 டாலராகத் தந்துவிடுகிறோமே?” என்று கேட்டதற்கு, கூடாது என்றுவிட்டார். மாதம் ஒருமுறை கொடுத்தால் இரக்கமும் மாதம் ஒருமுறைதான் எட்டிப்பார்க்கும் என்பது அவர் கணக்கு. உலை வைக்குமுன் பிடி அரிசி எடுத்து வைத்த நம் பாட்டிகளுக்கு இது விளக்காமலே புரியும். ஹுவாலியனில் ஆஸ்பத்திரி திறந்தது 1986-ல். இருபது வருஷம்!

கே: காணிக்கையில்தானே பிக்குணிகளும் சாப்பிடுகிறார்கள்? (சேலம்)

ப: அங்கே இல்லை. ஏழைக்கு வந்த பணம் ஏழைக்கு. இவர்கள் சோற்றுக்கு மெழுகுவத்தி செய்தார்கள், தானிய மாவு அரைத்து விற்றார்கள். உழைக்காத நாளில் உணவில்லை என்பது சீன ஜென் மடங்களின் பழைய சட்டம். நம் ஊருக்கும் இதைச் சிபாரிசு செய்யலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், எனக்கு வேலை போய்விடும்.

கே: பிக்குணிக்கு எதற்குக் குங்ஃபூ? (திருச்சி)

ப: குங்ஃபூ பழகும் நேபாளத்து ட்ருக்பா பௌத்தப் பிரிவின் பிக்குணிகளைச் சொல்கிறீர்கள். 2015 பூகம்பத்தில் பத்திரமான இடத்துக்குப் போகச் சொன்னபோது மறுத்து, மலைக் கிராமங்களுக்கு நடந்து போய் இடிபாடு அகற்றினார்களே, அதற்கு உடம்பில் தெம்பு வேண்டாமா? மறு வருஷம் 500 பேர் காத்மாண்டுவிலிருந்து லே வரை ஏறக்குறைய 4,000 கி.மீ. சைக்கிள் மிதித்தார்கள், பெண் கடத்தலை எதிர்த்து. மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு வழியில் பலரும் பையன்கள் என்றே நினைத்தார்களாம்.

கே: தமிழில் இப்படி யாராவது? (மதுரை)

ப: மணிமேகலை இருக்க என்ன சந்தேகம்? பிக்குணிக் கோலத்தில் பிச்சைக்கு வந்த காப்பிய நாயகி, பின்னர் அரசனிடம் பரிசாகச் சிறைச்சாலையைக் கேட்டு வாங்கி அறக்கோட்டம் ஆக்கினாள். எனக்குப் பிடித்தது வேறு: அவள் கைப் பாத்திரம் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியே ஆனாலும், முதல் பிச்சை ஆதிரை என்ற இல்லத்தரசி கையால்தான் விழுந்தது.

கே: மூங்கில் உண்டியல் எங்கே கிடைக்கும்? (மறுபடியும் சேலம்)

ப: பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். மூடியில் ஓட்டை போடுங்கள்.