சுண்டுவிரல் அடித்த எழுத்து

1980களில் எங்கள் பக்கத்தில் அரசு வேலைக்கு ஆசைப்பட்ட பிள்ளைகள், பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடிப்படி ஏறுவார்கள். மயிலாடுதுறையில் அப்படியொரு மாடியில் நான் பாடம் சொல்லத் தொடங்கினேன். காலை ஆறு மணிக்கே முதல் பேட்ச் வந்துவிடும். கல்லூரிக்குப் போகிறவர்கள் காலையில், கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் இரவில். ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ் என்று வரிசையாக மெஷின்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல் அடித்தால் லோயர், 45 அடித்தால் ஹையர். தமிழுக்கு முதல் பாடம் ‘யளனகபக’. சுண்டுவிரலுக்கு ய, மோதிரவிரலுக்கு ள, நடுவிரலுக்கு ன, ஆள்காட்டி விரலுக்கு க, ப.

247 எழுத்தை ஒரு சின்ன மெஷினுக்குள் அடக்கிய மூளையை நினைத்தால் இன்றும் வியப்புதான். ஈழத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்துக் கொடுத்த வழி அது. பெரும்பாலும் கையால் எழுதும் வரிசையிலேயே விரலும் போகும். ‘கொ’ வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க, அதன்பின் கால். புள்ளி மட்டும் எழுத்துக்கு முன்னால் வரும்: அதற்கான விசையை அழுத்தினால் தாளைத் தாங்கும் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும்.

அந்தக் காலத்தில் எனக்குப் பாடப்புத்தகத்தைவிட அதிகம் உதவியது மாணவர் அடித்த தாள்தான். தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தால் போதும். ‘ய’ எல்லாம் வெளிறி, ‘க’ எல்லாம் அழுத்தமாக விழுந்திருந்தால் சுண்டுவிரலுக்கு இன்னும் பலம் வரவில்லை என்று தெரிந்துவிடும். இரண்டு எழுத்துக் கம்பிகள் அடிக்கடி சிக்கிக்கொண்டால் தாளம் சீராக இல்லை என்று பொருள். தப்பாக அடித்த எழுத்தும் அப்படியே நிற்கும். மாணவரே பென்சிலால் வட்டம் போடுவார். எங்கெங்கே வட்டம் கூடுகிறதோ அங்கே இருக்கும் மறுநாள் பாடம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதைக் கற்றுத்தரும் முன் நான் கற்றாக வேண்டியிருந்தது. உயிரெழுத்தெல்லாம் இடப்பக்கம், மெய்க்குரிய எழுத்துகள் பெரும்பாலும் வலப்பக்கம். இடக்கை ஆள்காட்டி விரலில் இத்தனை காலம் குடியிருந்த ‘க’ வலக்கைக்குப் போய்விட்டது. ‘கொ’வுக்கு மூன்று அடி போய் இரண்டே அடி: க, ஒ. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று அடித்தால் நடுவில் இருக்கும் புள்ளி தானாக விழுந்துவிடும். மெஷினில் கண் பார்க்கிறபடி அடித்தோம். இங்கே காது கேட்கிறபடி அடிக்கிறோம். விரல் பழகிய பாதையை விட்டு விலக மறுக்கும்போது உள்ளே எழும் எரிச்சல், புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு என்னவாக இருக்கும் என்பதை எனக்கு நன்றாகவே உணர்த்தியது. ஆசிரியராக இருப்பவர் சில வருடங்களுக்கு ஒருமுறையாவது மாணவர் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவது அதனால்தான்.

இன்றைய வசதிகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஓர் அலுவலகத்தில் அடித்த கோப்பு இன்னோர் அலுவலகத்தில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிந்த அவதியை நாங்கள் அனுபவித்தோம். ஒவ்வொருவரிடமும் ஒவ்வோர் எழுத்துரு. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது பெரிய விடிவு. பயிற்சி மென்பொருள் எந்த விசையில் எத்தனை தடவை தவறினோம் என்று எண்ணியே சொல்லிவிடுகிறது. என் கண்ணால் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. ஸ்டென்சில் வெட்டி, மை பூசி, பிரதி எடுத்த வேலையெல்லாம் இப்போது ஒரு பொத்தானில் முடிகிறது. கோத்ரெஜ் 2009இல் டைப்ரைட்டர் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது காலத்தின் போக்கு.

ஆனால் திரையில் சுண்டுவிரல் அடித்த எழுத்தும் ஆள்காட்டி விரல் அடித்த எழுத்தும் ஒரே கறுப்பு. தவறு நேர்ந்த மறுகணமே பேக்ஸ்பேஸ் அதைத் துடைத்துவிடுகிறது. கடைசியில் கைக்கு வரும் பக்கம் சுத்தமாக இருக்கிறது. பிள்ளை எங்கே தடுமாறியது என்பதற்கு அதில் தடயமே இல்லை. அதனால் இப்போது நான் தாளைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டு எங்கே தாழ்கிறது, எந்த எழுத்துக்கு முன்னால் கண் விசைப்பலகைக்கு இறங்குகிறது என்று கவனிக்கிறேன். முதல் பத்து நிமிடம் பேக்ஸ்பேஸைத் தொடக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் விதி.

போன வருடம் ஒரு மாணவி கேட்டாள்: “சார், போன்ல பேசினாலே தமிழ்ல விழுந்துடுதே. நாங்க எதுக்குக் கஷ்டப்பட்டு டைப் கத்துக்கணும்?” நியாயமான கேள்வி. அவளையே ஒரு விண்ணப்பத்தைப் பேசிப் பதியச் சொன்னேன். மளமளவென்று வந்தது. வந்ததை இருவரும் வரி வரியாகப் படித்தோம். சில இடங்களில் ஒற்று இல்லை, ஒரு ‘ற’ ‘ர’ ஆகியிருந்தது, ஊர்ப் பெயர் ஒன்று மாறியிருந்தது. அவளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் திருத்தினாள்.

தட்டச்சர் வேலைக்குத் தட்டச்சுத் தேர்வோடு இன்று கணினிச் சான்றிதழும் கேட்கிறார்கள். நாளை வேறு ஏதாவது கேட்பார்கள். அதையும் கற்றுக்கொள்ளலாம், கற்றுத்தரலாம். தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் பார்வையை மட்டும் எந்த இயந்திரமும் பிள்ளைக்குப் பழக்கித் தராது. அதற்கு இன்னொரு மனிதர் பக்கத்தில் பொறுமையாக உட்கார வேண்டும். அந்த வேலை இருக்கும்வரை என் வகுப்பும் இருக்கும்.